கயிறு பிடிக்காத மைத்துனன்

வகுப்பறை நாற்காலியின் நுனியில், வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாக மச்சான் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் என் அக்காவின் கணவர். அப்போது திரேஸ்புரத்தில் கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்தார். நான் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் ஆண்மை பற்றிய பாடம் நடத்துகிறேன். அப்போதெல்லாம் புத்தகத்திலிருந்து எதைச் சொன்னாலும், "ஆம்பளையா இருக்கதுக்குப் பரீட்சையா சார்?" என்று பின்வரிசை சிரிக்கும். அதனால்தான் அவரைப் பேச அழைத்தேன்.

முத்துக்குளித்த காலத்திலிருந்தே எங்கள் கரையில் ஒரு வழக்கம். கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவன் அவர் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கையைத் தளரவிட மாட்டான் அல்லவா? இப்போது கயிற்றோடு காற்றுக்குழாயும் சேர்ந்திருக்கிறது. மச்சான் இதை விளக்கிவிட்டு என்னைக் காட்டினார். "எனக்குப் பிடிக்க வேண்டிய ஆளு இந்தா நிக்காரு. சாக்பீஸப் பிடிச்சிட்டாரு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு மாணவன் கேட்டான்: "உள்ள பயமா இருக்காதா அண்ணாச்சி?"

"கடல்ல என்னலே பயம்" என்று தொடங்கியவர் நிறுத்தினார். மடியில் கிடந்த இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டினார். "இதுதாம்லே பயம். கொஞ்ச நாளாவே மரத்துப்போவுது. கூட வாரவனுவகிட்டச் சொன்னா கேலி பண்ணுவானுவ." பிறகு என்னிடம், "மாப்ளே, அக்காகிட்டச் சொல்லிராத" என்றார்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவரை ஸ்கூட்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஆழத்திலிருந்து வேகமாக மேலேறியதால் வந்த கோளாறு, இனியும் கடலில் இறங்கியிருந்தால் நடக்க முடியாமலே போயிருக்கலாம், இப்போது சிகிச்சை எடுத்தால் சரியாகிவிடும் என்றார் மருத்துவர்.

சிகிச்சை முடிந்து வந்த அன்று அடுக்களை வாசலில் நின்று அவரே அக்காவிடம் சொன்னார். அக்கா மீன் அரிவதை நிறுத்தவில்லை.

"தெரியும். கைல டம்ளர் நிக்கல. கேட்டதுக்குத்தான் எரிஞ்சு விழுந்திய." அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, "இப்பமாவது சொன்னியளே" என்றாள்.

நடத்திய பாடத்தின் தலைப்பை நாள் தவறாமல் எழுதும் என் நாட்குறிப்பில் அன்று அது விட்டுப்போயிருக்கிறது. 'மச்சான் சொல்லிவிட்டார்' என்று மட்டும் இருக்கிறது.

இப்போது அவர் கடலில் இறங்குவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அந்த வகுப்புக்கு வருகிறார். இந்த ஆண்டும் பேச்சை முடித்துவிட்டு, "எங்க வலிக்குன்னு ஒவ்வொருத்தனாச் சொல்லுங்கலே" என்றார்.

"எனக்குப் பல்லு, அண்ணாச்சி" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எத்தன நாளாலே?" என்று கேட்டார்.