தேங்காயெண்ணெய் உறைந்த காலை

லட்சம் மைல் ஓடிய பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. அது ஆயிலைக் குடித்துப் புகை கக்கியது. மதுரையில் டாக்சி ஓட்டும் என் அண்ணன், "பழைய இன்ஜினுக்கு இருக்கறதுலயே கெட்டி ஆயிலா ஊத்துடா" என்றார். ஊற்றினேன், புகையும் குறைந்தது.

ஜனவரியில் ஒரு விடியற்காலை, பிரசவத்துக்கு வந்திருந்த என் மனைவியின் தங்கைக்கு வலி எடுத்தது. கார் முக்கி முனகிக் கிளம்பியது. ஆனால் இன்ஜினில் கடகடவென்று சத்தம். ஆயில் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கும் அணையவில்லை. சூடானால் சரியாகிவிடும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"ஐயோ, மொதல்ல ஆஃப் பண்ணுங்க!" என்றாள், பின்சீட்டில் தங்கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி. "பாத்ரூம்ல தேங்காயெண்ணெய் கல்லாட்டம் கெடக்கு. இந்தக் குளிர்ல உங்க கெட்டி ஆயில் மட்டும் எப்படிங்க ஏறும்?"

இத்தனைக்கும் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பதற்குள் இறங்கி ஓடி, "பையா, ஜல்தி!" என்று இந்தியில் கூவித் தெருமுனை டாக்சியை அழைத்துவிட்டாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் பேரிங் போயிருக்கும் என்றார் மெக்கானிக். கெட்டி ஆயிலைக் கோடைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, குளிருக்கு இளக்கமான ஆயில் ஊற்றினார்.

ஆயில் மாற்ற இப்போது நான் காலண்டர் பார்ப்பதில்லை. உறைந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை முதன்முதலாக வெயிலில் வைக்கும் அன்றைக்கே, என் மனைவி கார் சாவியை என் கையில் கொடுத்துவிடுகிறாள்.