அடியில் தங்கிய மருந்து

"ஆவணி 3, காலை ஏழு மணி. ராஜத்துக்கு இரண்டாம் வேளை மருந்து" என்று என் 1938-ம் வருஷத்து டைரியில் இருக்கிறது. ராஜம் என் ஐந்து வயது மகள். அவளுக்கு வயிற்றுப்போக்கு. ஆரியசாலை மருந்துக்கடைக் கம்பவுண்டர் தந்த மிக்சர் மருந்தை, வீட்டுக் கஷாயத்தைப்போலத் தெளிவை மட்டும் இறுத்து, வேளை தவறாமல் கொடுத்தேன். அடியில் படிந்த வெள்ளை மண்டியைக் கொட்டிவிட்டேன்.

குணமாகவில்லை. மூன்றாம் நாள் காலிப் புட்டியோடு அவரிடம் போனேன்.

"குலுக்கித்தானே கொடுத்தீங்க, அண்ணாச்சி?"

"மண்டியை யாராவது பிள்ளைக்குக் கொடுப்பாளா?"

"அதாக்கும் மருந்து. மேல நிக்கது வெறும் தண்ணி" என்றவர், புதுப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே என்னோடு ஓடிவந்தார். அன்று மாலை ராஜம் போய்விட்டாள்.

குலுக்கிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். ஒருவர் ஆம் என்றார், மற்றவர் இல்லை என்றார். எது சரி என்று இன்றுவரை எனக்கு உறுதியாகவில்லை.