முக்கொம்புக்குப் போன ரொட்டி

முக்கொம்புக்கு அன்று போனவர்கள் அந்த வெளிநாட்டு நாவலாசிரியை, என் அம்மா, நான். அப்பாவுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை, வரவில்லை. வருவதாக இருந்த என் ஆங்கிலப் பேராசிரியருக்குக் காய்ச்சல். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இனி மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆள் இல்லை.

அந்த அம்மையார் தன் நாட்டை விட்டு வந்து, ஸ்ரீரங்கம் ரயிலடிப் பக்கம் வீடு எடுத்து, இதுதான் இனி என் ஊர் என்று தங்கிவிட்டவர். நாவலை ஒதுக்கி வைத்துவிட்டு நம் ஊர்களைச் சுற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். பேராசிரியர் வீட்டில் பார்த்தபோதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் புத்தகத்தில் எனக்கு ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும் என்று ஏங்கினேன். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதைப் பற்றி நல்ல ஆங்கில வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நம் சாப்பாடு அவருக்கு ஆகாது என்று ரொட்டி, ஜாம், முள்கரண்டி எல்லாம் வாங்கினேன். தனியாக ஒரு பெண்மணியோடு காரில் போனால் நன்றாயிருக்காது என்றுதான் அம்மாவைக் கூப்பிட்டது. அவள் தன் பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டாள்.

கார் குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் அம்மையார் திரும்பி, "மாமி, உங்களுக்குப் பொறந்தாம் எந்த ஊர்?" என்றார். பிறந்த வீட்டைத்தான் கேட்கிறார். தமிழ். அதுவும் பக்கத்து ஐயங்கார் வீட்டில் கற்ற தமிழ்.

அம்மாவை அதுவரை யாரும் மாமி என்று அழைத்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்புறம் பேச்சை நிறுத்தவே இல்லை.

மதகுப் பக்கம் நிழலில் உட்கார்ந்து இருவரும் புளிச்சோற்றைக் கையால் அள்ளிச் சாப்பிட்டார்கள். பிறந்த ஊரான வையம்பட்டியில் ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடியில் காத்துக் கிடந்ததையும், கல்யாணமாகி வந்து முதன்முதலாகக் காவிரியைப் பார்த்ததையும் அம்மா சொன்னாள்.

"இம்புட்டுத் தண்ணியும் யாரோடதுன்னு இவங்க அப்பாகிட்ட கேட்டேங்க. மொண்டா வைவாங்களோன்னு பயம். கொஞ்ச நாளு யாரும் பாக்காதப்பதான் கொடத்த முக்குவேன்."

"எனக்கும் இந்த ஊர் அப்படித்தான் இருந்துது மாமி," என்றார் அம்மையார்.

பிறந்ததிலிருந்து நான் அம்மாவோடுதான் இருக்கிறேன். இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நடுவில் புகுந்து என் ஆங்கில வாக்கியம் ஒன்றை எடுத்துவிட்டேன். "நன்னா சொன்னேள்" என்றுவிட்டு அவர் மறுபடி அம்மா பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து போய் ரொட்டியைப் பிய்த்து மீனுக்குப் போட்டேன்.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். முக்கொம்புக் கட்டுரை முழுக்க அம்மாதான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"நீ எங்கடா வர்றே?"

இருந்ததைச் சொன்னேன். ரொட்டி கொண்டுவந்த மகன், அவ்வளவுதான்.

"மீனுக்குப் போட்டத எழுதல பாரு. நல்ல மனுசி," என்றாள். மறுபடி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, வையம்பட்டிக்கு இன்னொரு புத்தகம் வேண்டும் என்றாள்.

"அங்க யாரும்மா இங்கிலீஷ் படிப்பாங்க?"

"படிக்காட்டி என்ன. என் பொறந்த வீட்டுல இருக்கட்டும்."

மறுபடி கடைக்குப் போனேன். காருக்கும் ரொட்டி ஜாமுக்கும் இரண்டு புத்தகங்களுக்குமாக எங்களுக்கு ஆன செலவு நாற்பத்தெட்டு ரூபாய் எண்பது காசு.