ஊக்கு குத்திய நேரம்

டாக்டரிடம் பொய் சொன்னேன். அதுவும் என் மனைவியின் உடம்பைப் பற்றி... அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

வசந்தாவுக்கு ஆறு வருடமாக முடக்குவாதம். கை மூட்டுகளில்தான் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து அடையாறு போய் டாக்டரைப் பார்ப்போம். சில மாதங்களுக்கு முன் அப்படிப் போனபோது, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டார் அந்த டாக்டரம்மா.

வசந்தா கைப்பையைத் திறந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் - தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. ராகு காலம், எமகண்டம் அச்சடித்த தாள்களின் பின்பக்கத்தில் தினமும் ஏதோ எழுதுவாள். அதையெல்லாம் அந்தக் கண்ணாடி மேஜையில் பரப்புவதா? வெளியே இருபது பேர் வேறு காத்திருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

முந்திக்கொண்டேன். "பரவாயில்லை டாக்டர். பனிக்குக் கொஞ்சம் இருந்தது, இப்ப நல்லா இருக்கா."

அவள் விரல்களும் என் பக்கமே சாட்சி சொல்லின. இந்த நோயின் குரூரமெல்லாம் காலையில்தான். மாலை ஐந்து மணிக்கு அந்த விரல்கள் பரம சாதுக்கள். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். வசந்தா பையை மூடினாள்.

நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தியவன். நோட்டில் ஒரு ரீடிங் விட்டுப்போனால் மாணவனை லேபுக்கு வெளியே நிறுத்துவேன். அப்படிப்பட்டவன் செய்த காரியம் இது.

ஐந்தாறு வாரத்தில் அவளுடைய மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியது. மருந்துச் சீட்டைத் தேடி அவள் பையைத் திறந்தேன். முதல்முறையாக அந்தத் தாள்களைப் படித்தேன்.

"எழுந்தது 5.30. ஊக்கு 6.40." அடுத்த நாள், "எழுந்தது 5.30. ஊக்கு 6.55. வலி பத்துக்கு நாலு."

ஊக்கு என்றால் புடவைத் தலைப்பில் குத்தும் சேஃப்டி பின். விரல்கள் இறுக்கம் விட்டு, அந்தப் பின்னை அழுத்தித் திறந்து மாட்ட முடிகிற நிமிடத்தைக் குறித்திருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது இந்த நோயில் முக்கியமான கேள்வியாம். அதை அளக்க என் மனைவி தானே ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறாள்! ஒரு நாள்கூட விடவில்லை. நான் லேபில் பார்த்த எந்த நோட்டும் இதற்கு உறை போடக் காணாது.

மாத்திரை குறைந்த பிறகு 7.40... 8.10... அப்புறம், "ஊக்கு முடியவில்லை. ஷாஹிதா குத்திவிட்டாள்."

ஷாஹிதா எதிர் ஃப்ளாட் பெண். பதினோரு தாள்களில் அவள் பெயர். அந்தப் பதினோரு காலையும் நான் பத்தடி தள்ளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஷாஹிதாவிடமே கேட்டேன். தயங்கித்தான் சொன்னாள்: "ஆன்ட்டிதான் உங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க அங்கிள். 'நல்லா இருக்கான்னு டாக்டர் கிட்ட சொல்லிட்டாரு, இப்ப நான் வலிக்குதுன்னா அவரு பொய் சொன்னதா ஆயிடும்'னு சிரிச்சாங்க."

மறுநாளே அவசரமாக அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். போனதும், சென்ற முறை நான் சொன்னது பொய், இவளையே கேளுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்கள். மேஜை முழுக்கக் காலண்டர் தாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசத்துல நான் இவங்களைப் பார்க்கிறதே பத்து நிமிஷம் சார். மிச்சமெல்லாம் இதுல இருக்கு."

பழைய மாத்திரை திரும்பி வந்தது, கூடவே புதிதாக ஒன்று. வீக்கம் வடிந்தது. வலது ஆள்காட்டி விரல் மட்டும் இப்போது முழுதாக நிமிர்வதில்லை. அது முன்பே தொடங்கியிருக்கும் என்றார் டாக்டர். எனக்காகச் சொன்னாரோ என்று இன்னும் சந்தேகம்.

இனிமேல் தினமும் நானே குத்திவிடுகிறேன் என்றேன் வசந்தாவிடம்.

"நீங்க குத்திட்டா நான் எந்த நேரத்தை எழுதறது? எட்டு தாண்டினா கூப்பிடறேன், போங்க."

இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். முதல் தடவை என் விரலிலேயே குத்திக்கொண்டேன்.

அதையும் எழுதி வைத்திருக்கிறாள்.