மூன்று வயது வரை பொறுக்கச் சொன்னேன்

1. மூடி விழுந்த அன்று

சாம்பார் சாதம் வைத்திருந்த அண்டாவின் மூடி உதவியாளர் கையிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. பீர்க்கன்கரணையில் நான் வேலை பார்த்த அங்கன்வாடி ஒரே ஒரு அறைதான். அங்கிருந்த குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பின. இரண்டு அழ ஆரம்பித்தன. தருண் மட்டும் திரும்பவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது மூன்று, சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

பின்னால் போய் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். தட்டைக் கரண்டியால் அடித்தேன். என் நிழல் கட்டைகள் மேல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

அவன் அம்மாவிடம் நான் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது.

2. நான் சொன்னது

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு. தருணின் அம்மா மீனா மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். கணவர் தண்ணீர் லாரி டிரைவர். சத்துமாவு வாங்க வந்தவள், மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள். நான் எல்லாக் குழந்தைகளின் எடையையும் செல்போனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சர்வர் வேலை செய்யவில்லை. காலையிலிருந்து மூன்றாவது முறையாக அதே விவரத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஒன்றரை வயசாவுது. அம்மான்னுகூட சொல்ல மாட்றான்" என்றாள்.

தலையைத் தூக்காமலே பதில் சொன்னேன். "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாதான் பேசும். நீயும் காலைல போனா சாயங்காலம்தான் வர்ற. பேச்சுக் குடுக்க ஆள் இல்லன்னா எப்படிப் பேசுவான்? மூணு வயசு வரைக்கும் பொறுத்துப் பாரு."

எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒவ்வொரு குழந்தையும் அதனதன் வேகத்தில் வளரும் என்பது ஒன்று. தலை நிற்பது, தவழ்வது, பேசுவது எல்லாவற்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு, அதைத் தாண்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது இன்னொன்று. களைத்துப்போன எனக்கு முதலாவது மட்டும் ஞாபகத்தில் நின்றது. தருணின் எடைக் கோடு வளர்ச்சி அட்டையில் நன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. எடை ஏறினால் பிள்ளை வளர்கிறது என்பதே அப்போது என் கணக்கு.

அடுத்த மாதமே மீனா வேலையை விட்டுவிட்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பகல் முழுக்கப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். துணி துவைத்துக்கொண்டே பேசியிருக்கிறாள். அவன் அவள் வாயைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

3. பஸ்ஸில்

மூடி விழுந்த அந்த வாரமே லீவு போட்டுவிட்டு அவர்களோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, பிறவியிலிருந்தே இருக்கும் என்றார் டாக்டரம்மா. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். மீனா தரையைப் பார்த்தாள். என் பெயரை அவள் சொல்லவில்லை.

"அவங்க அப்பவே கேட்டாங்க மேடம். நான்தான் பொறுக்கச் சொன்னேன்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. பேச்சை வாங்கிக்கொள்ள மூளை மிகவும் தயாராக இருப்பது முதல் சில வருடங்களில்தான், பிறகும் கற்கலாம், ஆனால் பிள்ளையும் தாயும் அதிகம் பாடுபட வேண்டும் என்று விளக்கினார்.

திரும்பும்போது இரும்புலியூர் பக்கம் பஸ் நகராமல் நின்றது. பிள்ளை மடியில் தூங்கினான். மீனா கேட்டாள்.

"நான் வேலைக்குப் போனதால இல்லல்ல டீச்சர்?"

"இல்லம்மா. பொறக்கும்போதே இருந்துருக்கு. நான் சொன்னதுதான் தப்பு."

"ஒன்றரை வருஷமா அதையே நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4. பிறகு

நான்கு வயதாவதற்குள், காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் ஆபரேஷன் நடந்தது. அப்புறம் வாரம் மூன்று நாள் தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி. முதல் தடவை 'மா' என்று சொல்ல எட்டு மாதம் ஆனது. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பேசுகிறான். கடைசி எழுத்தை விழுங்கிவிடுவான், கூடப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு தடவை கேட்பார்கள். முன்பே தொடங்கியிருந்தால் எப்படிப் பேசியிருப்பான் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து மீனா வேறொரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்த வருடம் ஓய்வு பெறும்வரை, புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழந்தையையும் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகப்பட்டு இரண்டு பேரை மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒருத்திக்கு உண்மையிலேயே குறை இருந்தது. இன்னொருவனுக்குக் காதில் வெறும் அழுக்கு. அவன் அம்மா ஒருநாள் கூலி போச்சு என்று வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனாள். கேட்டுக்கொண்டேன்.

புதிதாக வந்திருக்கும் டீச்சர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று ஒரு தாய் சொன்னால் போனைக் கீழே வையுங்கள். பொறுத்துப் பார்க்கச் சொல்லுமுன், யாருக்காக அப்படிச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். நான் அன்று சொன்னது எனக்காக.