முதலாளியின் மவுஸ்

புத்தளத்துப் பாலாவியில் ஓர் உப்பு வியாபாரியின் கந்தோரில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். சும்மா கிடைக்கிறது என்பதற்காக முதலாளி கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தார். கையை எடுத்தால் போதும், மவுஸ் செத்துவிடும். கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். புது மவுஸ் வாங்கியும் அதே கதை.

"அகதிப் புள்ளைக்கு வேல குடுத்தா இப்பிடித்தான். தொட்டதெல்லாம் நாசம்," என்றார் முதலாளி. லொறிக்காரர்கள் சிரித்தார்கள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தது என் வாப்பாவும் உம்மாவும். நான் பிறந்ததே இங்கே, புத்தளத்துக் கரைத்தீவில்.

ஒருநாள் அவர் பகல் லுஹர் தொழப் போனதும், கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து பார்த்தேன். மவுஸில் பிழையில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, சும்மா கிடக்கும் யூஎஸ்பியை லினக்ஸே தூங்க வைத்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க ஒரு வரி அடித்தேன். மவுஸ் நிற்காமல் ஓடியது. ஆனால் கம்ப்யூட்டரை நிறுத்தினால் அந்த வரி அழிந்துவிடும். அதை நிரந்தரமாக்குவதற்குள் முதலாளி வந்துவிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைக் கண்டார்.

"என்ட கணக்கையா களவெடுக்கிற? எழும்பு!"

"இல்ல முதலாளி, மவுஸச் சரிபண்ணினன்."

கம்ப்யூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினார். என் கைப்பையை எல்லோர் முன்னிலையிலும் மேசையில் கொட்டினார். சோற்றுப் பார்சல் அவிழ்ந்து சிதறியது. அதையும் விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த கிழமை அவரே போனில் கோல் எடுத்தார். "புள்ள, மவுஸ் திரும்ப நிண்டுட்டு. அண்டைக்கு என்ன செஞ்ச?"

எனக்கு இவ்வளவு கல்நெஞ்சு இருக்கும் என்று அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது.

"மவுஸ் பழுது முதலாளி. நல்லதா ஒண்டு வாங்குங்க," என்றேன்.

இன்னமும் கோல் எடுக்கிறார். இன்னமும் வாங்குகிறார்.