முட்டு எடுத்த நாள்

அந்த வருடம் எங்கள் வகுப்பில் சிவில் படித்த முக்கால்வாசிப் பேருக்குச் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. கடைசி செமஸ்டர் முடிந்ததும் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். சிவாஜிநகரில் துணிக்கடை விற்பனையாளராக இருந்த அப்பா, பிரேசர் டவுனில் எங்கள் தெருவில் ஒருவரையும் விட்டுவைக்காமல் சொல்லிவிட்டார். சர்ச் வாசலிலும் அதே பேச்சுதான். அந்த வேலை எனக்கு வேண்டாம் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எனக்கு வேண்டியது சைட். கட்டடம் தரையிலிருந்து எழுந்து வரும்போது பக்கத்திலேயே நிற்கிற வேலை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கட்டுமான இடத்துக்குப் பயிற்சிக்காகத் தினமும் பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்து அரைத்தூக்கத்தில், வழியில் பாதியில் நிற்கும் கட்டடங்கள் எல்லாம் பனியில் மிதந்தன. முடிந்த கட்டடங்களைவிட அவைதான் எனக்கு அழகு. அவற்றில் இன்னும் யாரும் குடிவரவில்லை, எந்த அறை யாருக்கு என்று தீர்மானமாகவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பாவிட்டால் பஸ் போகிற வரை போயிருப்பேன்.

இரண்டாவது மாடிக் கூரையில் ஒரு பகுதியை இன்ஜினியர் என் பொறுப்பில் விட்டிருந்தார். கம்பி கட்டியதைச் சரிபார்த்து, கான்கிரீட் போட்ட அன்று முழுக்க அங்கேயே நின்றேன். மறுநாள் மேஸ்திரி அதன்மேல் வயலில் செய்வதுபோலப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். ஈரம் குறையாமல் இருந்தால்தான் கான்கிரீட் நன்றாக இறுகும். காற்றில்லாத காலைகளில் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. ஒரு மேகம் இந்தப் பாத்தியிலிருந்து அந்தப் பாத்திக்குப் போவதை வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லியே விட்டேன். அவர் கத்தவில்லை.

"பெரிய கம்பெனில ஏசி ரூம்ல உக்காரச் சொல்றாங்க. நீ சும்மா வெயில்ல நிக்கறேங்கற" என்றார். அதோடு பேச்சு நின்றுபோனது. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான் கேட்டார்.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள், கையில் டிபன் கேரியரோடு சைட்டில் வந்து நின்றார். "அம்மா குடுத்தனுப்பிச்சா" என்றார், என்னைப் பார்க்காமல். அன்றைக்குத்தான் என் கூரைக்கு முட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சைட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கூரையைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்பங்களை எடுத்த பிறகு, அந்தக் கூரையைப் போடும்போது பொறுப்பில் இருந்தவர்தான் முதலில் அதன் அடியில் நடக்க வேண்டும். அவர் மறுபக்கம் போய்ச் சேரும்வரை வேறு யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். கடைசிக் கம்பத்தைக் கயிறு கட்டி வெளியிலிருந்தே இழுத்துச் சாய்த்துவிட்டு எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள்.

"மேடம், நீங்க போட்டது. நீங்கதான் மொதல்ல போகணும்" என்றார் மேஸ்திரி.

எல்லாம் சரிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தேன். உள்ளே ஈரச் சிமெண்ட் வாசனை. பலகைகளின் ரேகைகள் தலைக்கு மேல் அப்படியே பதிந்திருந்தன. வெளிச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெதுவாக நடந்தேன். பாதி தூரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார், சார், இருங்க" என்று மேஸ்திரி கூப்பிட்டார். அப்பா திரும்பவில்லை. கேரியரோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்குப்பா வந்தீங்க?"

"எம்பொண்ணு தனியா போறா. நான் வெளிய நிக்கணுமா?"

மறுபக்கம் வரை என்னோடு நடந்தார். கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல ஒரு தூணைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் கூரைக்கு அடியிலேயே, அடுக்கியிருந்த பலகைகள்மேல் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். எலுமிச்சை சாதம். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"இன்னும் எத்தனை மாடி இருக்கு?"

"மூணுப்பா."

கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அப்போ அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட நாளைக்கே சொல்லிடும்மா. பாவம், நீ வருவேன்னு காத்துட்டு இருப்பாங்க."